உடைய வேண்டியது ஈட்டி: நியூரம்பெர்க் சந்தைச் சதுக்கத்துக் குதிரைப் போட்டிகள்

1446இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வில்ஹெல்ம் லோஃபெல்ஹோல்ட்ஸ், பெண் குனிகுண்டே பவும்கார்ட்னர். இரண்டு குடும்பமும் வியாபாரத்தில் செழித்தவை, நகர ஆட்சியில் செல்வாக்குள்ளவை. அந்தக் கல்யாணத்தையொட்டி நகரின் நடுச் சந்தைச் சதுக்கத்தில் 39 பேர் கவசம் பூட்டிக் குதிரையேறி, ஈட்டியால் மோதி விளையாடினார்கள். நகரம் அதை மறக்கவே இல்லை. 175 வருடம் கழித்து, 1621இல், ஹான்ஸ் கூன், ஹைன்ரிஷ் கூன் என்ற இருவர் அந்தப் போட்டியையே நகர மன்றக் கட்டடத்தின் உட்கூரையில் சுதைச் சிற்பமாகச் செய்து வைத்தார்கள்.

கவசம், குதிரை, ஈட்டி என்றதும் நம் மனம் கோட்டைக்கும் ராஜகுமாரனுக்கும் போய்விடுகிறது. ஆனால் இந்த விளையாட்டின் வரலாற்றில் பெரும்பகுதி நகரத் தெருக்களிலும் சந்தைகளிலும்தான் நடந்தது. தச்சரும் கொல்லரும் மணல் வண்டிக்காரரும் இல்லாமல் ஒரு ஓட்டம்கூட நடந்திருக்காது. இதைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் வீரம், மானம் பற்றிய பேச்சைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு மரத்தையும் இரும்பையும் திருகாணியையும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அத்தனையும் ஒரே கணக்கில் செய்யப்பட்டவை. மோதலில் ஈட்டி உடைய வேண்டும், ஆள் பிழைக்க வேண்டும். எங்கே ஒரு சின்னப் பொருள் சரியாக அமையவில்லையோ அங்கேதான் ஆள் செத்தார்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு அணியாகப் பிரிந்து கும்பலாக மோதுவது பழைய முறை. 12ஆம் நூற்றாண்டில் அது ஊருக்கு வெளியே, வயல்வெளியில், மைல் கணக்கில் பரந்து நடந்தது. கிட்டத்தட்டப் போர்தான். 1130இல் கிளெர்மோன்டில் கூடிய திருச்சபைப் பேரவை இதைத் தடை செய்தது; 1316இல்தான் போப்பாண்டவர் 22ஆம் ஜான் தடையை நீக்கினார். 1241இல் ரைன் நதிக்கரை நொய்ஸ் ஊரில் நடந்த கும்பல் மோதலில் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாகவும், பலர் வெயிலிலும் புழுதியிலும் மூச்சுத் திணறிப் போனதாகவும் அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. இதை வீடும் கடையும் நெருங்கி நிற்கும் சந்தைக்குள் நடத்த முடியுமா? நகரத்துக்கு ஒத்துவந்தது இரண்டாவது முறை: இரண்டே பேர், எதிரெதிர் முனையிலிருந்து குதிரையை விரட்டி வந்து, ஒரே ஒரு ஈட்டி மோதல். இடம் குறைவு, எண்ணிக்கை வைக்கலாம், சன்னலிலிருந்து பார்க்கலாம்.

வணிகக் குடும்பங்கள் ஏன் இதில் இறங்கின என்பதற்கும் காரணம் உண்டு. ஜெர்மன் நாட்டுப்புறப் பிரபுக்கள் தங்களுக்கென்று போட்டிச் சங்கங்கள் வைத்திருந்தார்கள். 1485இல் ஹைல்ப்ரோனில் வகுத்த விதிகள் போல, யார் கலந்துகொள்ளலாம், யார் கூடாது என்று வம்சக் கணக்குப் பார்த்து வடிகட்டினார்கள். வாணிபம் செய்பவனுக்கு அங்கே கதவு சாத்தியிருந்தது. சரி, உங்கள் களம் வேண்டாம், எங்கள் சந்தை இருக்கிறது என்று நியூரம்பெர்க்காரர்கள் சொந்தமாக நடத்திக்கொண்டார்கள். மற்ற ஊர்களிலும் இப்படித்தான். பெல்ஜியத்தின் புரூஜ் நகரத்தில் ‘வெள்ளைக் கரடி’ என்ற பெயரில் ஒரு சங்கம், லில் நகரத்தில் வருடாவருடம் ‘எபினெட் ராஜா’ ஒருவரைத் தேர்ந்தெடுத்து நடத்திய விழா. இந்த இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவர் ஊருக்கு ஒருவர் போய் மோதிக்கொண்டார்கள். இத்தாலியின் ஃபிளாரன்ஸில் 1469 பிப்ரவரியில் சாந்தா குரோச்சே சதுக்கத்தில் லொரென்சோ தெ மெடிச்சி ஓடினார். வங்கிக் குடும்பத்துப் பிள்ளை. சுமார் 10,000 ஃபிளோரின் செலவானது என்றும், ஆயுதத்தில் தனக்குப் பெரிய கைவன்மை இல்லாவிட்டாலும் முதல் பரிசு தனக்கே கிடைத்தது என்றும் அவரே எழுதிவைத்திருக்கிறார். வெள்ளி இழைத்த தலைக்கவசம் பரிசு.

இனி களத்துக்கு வருவோம்.

நியூரம்பெர்க்கின் நடுச் சதுக்கம் இயல்பாக உருவான வெளி இல்லை. 1349இல் அங்கிருந்த யூதர் குடியிருப்பை இடித்து, 500க்கும் மேற்பட்ட யூதர்களைக் கொன்ற பிறகு கிடைத்த வெளி அது. அவர்களுடைய தொழுகைக்கூடம் நின்ற இடத்தில்தான் இன்று மாதா கோவில் நிற்கிறது. அந்தச் சதுக்கத்து விழாக்களைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை.

சந்தைத் தரை கல் பாவியது. லாடம் அடித்த குதிரை கல்லின் மேல் ஓட்டமெடுத்தால் வழுக்கும். சும்மா ஓடும் குதிரைக்கே அப்படி என்றால், முதுகில் கவசமணிந்த ஆளையும் தூக்கிக்கொண்டு, மோதலின் நொடியில் பின்னங்கால்களை அழுத்தி ஊன்ற வேண்டிய குதிரைக்கு என்ன ஆகும்? அதனால் முதல் வேலை தரை வேலை. 1331 செப்டம்பரில் லண்டனில் மூன்றாம் எட்வர்ட் அரசர் சீப்சைட் கடைத்தெருவிலேயே போட்டி நடத்தியபோது கல் தளத்தின் மேல் மணல் கொட்டிப் பரப்பினார்கள். 1559இல் பாரிஸின் சேன்ட் அந்துவான் தெருவில் கற்களையே பெயர்த்து எடுத்துவிட்டார்கள். மணல் மெல்லிசாக இருந்தால் நாலு ஓட்டத்தில் ஒதுங்கிக் கல் பல்லைக் காட்டும். அதிகமாகக் கொட்டினால் குதிரையின் கால் புதைந்து வேகம் வராது, சீக்கிரம் களைத்துப்போகும். அதிலும் இரண்டு குதிரையும் திரும்பத் திரும்ப ஒரே தடத்தில் ஓடுவதால் அந்தத் தடம் மட்டும் பள்ளமாகும். ஓட்டத்துக்கு ஓட்டம் அதை வாரி நிரவ ஆள் வேண்டும்.

அடுத்து பார்வையாளர் மேடை. சீப்சைடில் ராணி பிலிப்பாவும் அவருடன் இருந்த பெண்களும் உட்கார, தெருவின் குறுக்கே மரத்தால் உயரமான மேடை கட்டினார்கள். அது சரிந்து விழுந்தது. மேலிருந்தவர்களும் கீழே நின்ற வீரர்களும் அடிபட்டார்கள். அரசர் தச்சர்களைத் தண்டிக்கக் கிளம்ப, ராணி மண்டியிட்டுக் கெஞ்சி அவர்களைக் காப்பாற்றினார். அதன்பிறகு அரசர் அதே தெருவில் கல்லாலேயே ஒரு பார்வை மாடம் கட்டச் சொன்னார். இந்த மேடை வேலை எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதற்கு இன்னொரு சாட்சி: 1390இல் லண்டன் ஸ்மித்ஃபீல்டில் நடந்த போட்டிகளுக்கு அரசனும் அரசியும் உட்காரும் மேடைகளைக் கட்டுவித்தவர் அரசுக் கட்டடப் பணிகளின் எழுத்தராக இருந்த ஜெஃப்ரி சாசர், ஆங்கிலக் கவிஞர் சாசரேதான்.

ஜெர்மன் நாடுகளில் ஈட்டிப் போட்டி இரண்டு வகை. ஒன்று ‘ரென்னன்’: கூர்முனை ஈட்டி, கழுத்தின் பின்புறம் வால் நீண்ட தலைக்கவசம், தொடைவரை மறைக்கும் பெரிய கேடயம். பேரரசர் மாக்சிமிலியானுக்கு இதில் பெரும் மோகம். கேடயத்தில் ஈட்டி பட்டதும் வில்கம்பி விடுபட்டுத் தகடுகள் ஆகாயத்தில் சிதறிப் பறக்கிற மாதிரியெல்லாம் பொறி வைத்துச் செய்வித்தார். மற்றது ‘ஷ்டெஹன்’: மழுங்கிய முனை, மூடிய தலைக்கவசம். நியூரம்பெர்க் வணிகப் பிள்ளைகள் விளையாடியது இது. கெசெல்லன்ஷ்டெஹன் என்று பெயர், அதாவது இளவட்டங்களின் ஈட்டிப் போட்டி. இதற்கென்றே தனிக் கவசம் உண்டு. போர்க்களத்துக்கு உதவாது, நடக்கக்கூடச் சரிப்படாது. போர்க்கவசம் முழுசும் சேர்த்து 20 முதல் 25 கிலோ. இது 40 கிலோவுக்கு மேல், அதுவும் காலுக்குக் கவசமே இல்லாமல்.

எல்லாரிடமும் இது சொந்தமாக இருக்கவில்லை என்பதுதான் நியூரம்பெர்க்கின் சிறப்பு. நகர மன்றம் தன் ஆயுதக் கிடங்கில் இந்தக் கவசங்களை வைத்திருந்து, போட்டி நாளில் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வாங்கியது. அந்தக் கிடங்கிலிருந்த 15ஆம் நூற்றாண்டுக் கடைசிக் கவசங்கள் சில இப்போது அதே ஊரின் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. செய்ததும் உள்ளூர்க் கொல்லர்கள்தான். 1348–49 கலகத்துக்குப் பிறகு அந்த ஊரில் கைவினைஞர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்துக்கொள்ள மன்றம் அனுமதிக்கவில்லை. தொழில்களைத் தானே மேற்பார்வை பார்த்தது. கவசத்தை ஆய்வு செய்து தேறினால்தான் நகர முத்திரை குத்துவார்கள்.

இந்தக் கவசத்தில் நின்று பார்க்க வேண்டியது தலைக்கவசம். எட்டு முதல் பத்து கிலோ. முன்தகடு, உச்சித்தகடு, பின்தகடு என மூன்றையும் ஆணி அறைந்து சேர்த்திருப்பார்கள். முன்தகடு மற்றவற்றைவிட வெகு தடிப்பு, நடுவில் படகின் மூக்குபோல் புடைத்து வெளியே நீளும். அந்தப் புடைப்பின் மேல்விளிம்புக்கும் உச்சித்தகட்டுக்கும் நடுவே குறுக்காக ஒரு இடைவெளி. பார்வைக்கு அது ஒன்றே வழி. நிமிர்ந்து உட்கார்ந்தால் அந்த இடைவெளி வானத்தைப் பார்க்கும், எதிராளி தெரியாது. இடுப்பை மடித்து முன்னால் சாய்ந்தால்தான் களம் தெரியும். ஆக, ஓட்டம் முழுவதும் சாய்ந்தபடி குறிபார்த்து வந்து, மோதலுக்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்பு தலையை நிமிர்த்துவார்கள். அந்த நொடியில் ஒன்றும் தெரியாது. அதே நொடியில் ஈட்டிச் சிம்பு நுழைய வழியும் இருக்காது. மேல்நோக்கி வழுக்கிவரும் முனை புடைப்பின் விளிம்பில் தட்டி உச்சித்தகட்டின் மேலேறிப் போய்விடும். முன்பக்கம் திருகாணிகளால் மார்புக்கவசத்தோடும், பின்பக்கம் முதுகுத் தகட்டோடும் இந்தத் தலைக்கவசத்தைப் பூட்டிவிடுவார்கள். கழுத்து திரும்பவே திரும்பாது. அடியின் விசை கழுத்தெலும்புக்குப் போகாமல் மார்பு, தோள், இடுப்பு என்று பரவும்.

உள்ளே தலை தொங்கலாக இருந்தால் இரும்பே மண்டையைப் பிளந்துவிடும். அதனால் பஞ்சோ சணலோ திணித்துத் தைத்த லினன் குல்லாய் ஒன்றை முதலில் மாட்டி, அதன் நாடாக்களைத் தலைக்கவசத்தில் இதற்கென்றே போட்ட சின்னத் துளைகள் வழியே வெளியே இழுத்து முடிச்சுப் போடுவார்கள். தலை, கவசத்தின் நடுவே, எந்தப் பக்கமும் இரும்பு படாமல் கட்டுண்டு நிற்கும். நியூரம்பெர்க்காரரான ஆல்பிரெக்ட் டியூரர் இப்படியொரு தலைக்கவசத்தை மூன்று கோணங்களில் வரைந்திருக்கிறார்; அந்தப் படம் இன்று பாரிஸ் லூவரில் இருக்கிறது. துளைகளும் நாடாக்களும்வரை விடாமல் போட்டிருக்கிறார். கவசம் செய்கிறவர்கள் இன்றும் அதைப் பார்த்துப் படிக்கலாம்.

மார்புக்கவசத்தின் வலப்பக்கம் தட்டையாக, பெட்டி போல இருக்கும். ஈட்டி ஒட்டிப் படுக்க அந்த இடம். அங்கிருந்து இரண்டு இரும்புத் தாங்கிகள். முன்னால் நீட்டியிருக்கும் கொக்கியின் மேல் ஈட்டி அமரும். முதுகுப்பக்கம் நீளமாகப் போகும் கம்பியின் முனை கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஈட்டியின் அடிப்பகுதி அதன் கீழே செருகும். முன்னால் பாரம் இழுத்தால் பின்னால் அந்த வளைவு அமுக்கிப் பிடிக்கும். ஈட்டியின் எடையைக் கவசம் தாங்குகிறது, கைக்குத் திசை காட்டும் வேலை மட்டுமே. இந்தப் பின்தாங்கி இல்லாத, ஜெர்மனிக்கு மேற்கே உள்ள நாடுகளின் கவசங்களில் வேறு ஏற்பாடு: கைப்பிடிக்குப் பின்னால் ஈட்டியைச் சுற்றி பற்கள் வைத்த வளையம். மோதும்போது ஈட்டி பின்னால் நழுவும். வளையத்தின் பற்கள் முன்கொக்கியில் கவ்வி நின்றுவிடும்.

இடக்கை கடிவாளம் பிடிக்க மட்டும். அதனால் அந்த முன்கையை ஒரே விறைப்பான தகட்டுக்குள் விட்டுவிடுவார்கள், மணிக்கட்டு அசையாது. வலக்கையின் விரல்களுக்குக் கையுறையே கிடையாது. ஈட்டியில் கைப்பிடிக்கு முன்னால் ஆணியடித்த அகன்ற வட்டத்தகடு கையை முழுசாக மறைக்கும். இடத்தோளின் கீழே கேடயம்: மரப்பலகை, மேலே தோல், சிலவற்றில் எலும்புத் துண்டுகள் பதித்திருக்கும். மார்புக்கவசத்தின் இரண்டு துளைகள் வழியே சணல் கயிறு விட்டு அதைக் கட்டுவார்கள். ஈட்டிமுனை பிடித்துக்கொள்ளத் தோதான பரப்பு அதுதான். இழைத்துப் பளபளப்பாக்கிய வளைவான இரும்பின் மேல் பட்டால் முனை வழுக்கி ஓடிவிடும், ஈட்டி உடையாது, கணக்கில் ஒன்றும் சேராது. இதற்காகவே இத்தாலியப் பாணிக் கேடயங்களில் கட்டம் கட்டமாக வரம்பு வைத்தார்கள்.

காலுக்கு ஏன் கவசம் இல்லை? வைக்கோல் அடைத்த பிறைவடிவ மெத்தையைக் குதிரையின் கழுத்திலிருந்து மார்புக்குக் குறுக்கே தொங்கவிடுவார்கள். இரண்டு குதிரையும் இடித்துக்கொண்டால் குதிரையின் மார்பையும் வீரனின் முழங்காலையும் அது சேர்த்துக் காக்கும். சேணத்தின் பின்புறம் தாழ்வு, முட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. இதைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு: விழாமல் காக்க வேண்டிய சேணம் இப்படியா? விழுவதற்குத்தான் அப்படிச் செய்தார்கள். பின்னால் உயர்ந்த மரவிளிம்பு இருந்தால், மார்பில் வாங்கிய அடியில் உடல் அதன் மேல் மடங்கி முதுகெலும்பு போகும். விளிம்பு இல்லாவிட்டால் குதிரையின் பின்பக்கமாக வழுக்கி மணலில் விழுவான். காலில் இரும்பு இல்லாததால் அங்கவடியில் மாட்டாமல் பாதம் கழன்றுகொள்ளும்.

குதிரையின் கண்ணை முழுசாக மறைத்த முகத்தகடு போடுவார்கள், காதில் பஞ்சு அடைப்பார்கள். எதிரே இன்னொரு குதிரை பாய்ந்து வருவதைக் கண்டால் எந்த நல்ல குதிரையும் கடைசி நேரத்தில் ஒதுங்கும். ஒரு முழம் ஒதுங்கினால் போதும், ஈட்டி காற்றைத்தான் குத்தும். கூட்டத்தின் கூச்சலும் எக்காளமும் அதை மிரளவைக்கக் கூடாது.

ஈட்டி, தேவதாரு இனத்து மென்மரம். ஷ்டெஹன் ஈட்டி சுமார் மூன்றே முக்கால் மீட்டர் நீளம், கைப்பிடியருகே ஏழு எட்டு சென்டிமீட்டர் குறுக்களவு. போருக்கென்றால் வளைந்து நிமிரும் உறுதியான வேறு மரம். இங்கே உடைவதுதான் வேலை. ரேகை நேராக ஓடும் மென்மரம் அமுக்கத்தில் நெடுக்கே பிளந்து சட்டென்று முறியும். கணுவிருந்தால் ஆபத்து: கணுவில் முறிந்து கூரான நீள்சிம்பு உண்டாகும், அல்லது முறியாமல் நின்று முழு விசையையும் ஆளின் மேல் இறக்கும். இங்கிலாந்தில் பிற்காலத்தில் உள்ளே குடைந்த ஈட்டிகளும் செய்தார்கள். எட்டாம் ஹென்றி அரசரின் நண்பர் சார்ல்ஸ் பிராண்டன் பெயரில் சொல்லப்படும் ஒன்று இன்னும் இருக்கிறது: சுமார் 4.3 மீட்டர் நீளம், குடைந்ததால் எடை 9 கிலோ அளவில்தான். முனையில் மூன்று அல்லது நான்கு பற்கள் கொண்ட சின்ன இரும்புக் கிரீடம். ஒற்றைக் கூர் துளைக்கும். நான்கு மழுங்கிய பற்கள் கேடயத்தைக் கவ்வும், விசையைப் பகிரும், கண் இடைவெளிக்குள் நுழையாது. போட்டிக்கு முன் நீளத்தையும் முனையையும் நடுவர்கள் அளந்து பார்த்தார்கள். நீளம் கூடினால் முதலில் தொடுபவன் ஜெயித்துவிடுவான் அல்லவா.

இனி ஒரு ஓட்டம். குல்லாய், மார்பு முதுகுத் தகடுகள், கைகள், கடைசியாகத் தலைக்கவசம் என்று பூட்டி முடித்ததும் மூச்சு உள்ளுக்குள்ளேயே சுழலும். அதனால் காத்திருப்பு நீளக் கூடாது. உதவியாள் ஈட்டியைச் செங்குத்தாக நிறுத்திக் கையில் கொடுப்பான். குதிரையைத் தட்டி நிதானமான பாய்ச்சலுக்குக் கொண்டுவர வேண்டும். தலைதெறிக்க ஓடவிட்டால் முதுகு குலுங்கி முனை ஆட்டம் போடும். உருளும் சீரான பாய்ச்சல்தான் நல்லது. ஈட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துத் தாங்கியில் அமர்த்தி, குதிரையின் கழுத்துக்குக் குறுக்கே இடப்பக்கமாக நீட்டுவது அடுத்த வேலை. கற்றுக்கொள்ள வருடங்கள் எடுப்பது இதற்குத்தான். சீக்கிரம் இறக்கினால் முனை ஒவ்வொரு அடிக்கும் மேலும் கீழும் துள்ளி, கடைசியில் தாழ்ந்து குதிரையையோ சேணத்தையோ குத்தும். தாமதமாக இறக்கினால் கீழே வந்துகொண்டிருக்கும்போதே எதிராளி கடந்துபோவான். இறங்கி நிலைத்த கையோடு மோதல் அமைய வேண்டும். கண்ணை மூடிக்கொள்வது, அடிக்குப் பயந்து வலத்தோளைப் பின்னுக்கு இழுப்பது, இவை இரண்டும் புதியவர்களின் வழக்கமான பிழை. தோள் பின்வாங்கினால் முனை வெளியே விலகிவிடும். பட்ட பிறகு கையில் மிஞ்சும் கட்டையை உடனே கீழே போட்டுவிட வேண்டும். இதைக் கவனத்தில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

நியூரம்பெர்க் ஷ்டெஹனில் இருவருக்கும் நடுவே தடுப்பு கிடையாது. மெத்தையும் கண்மறைப்பும் அதற்குத்தான். தெற்கிலும் மேற்கிலும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே களத்தின் நீளவாக்கில் ஒரு தடுப்பு வந்துவிட்டது. முதலில் கயிற்றில் துணியைத் தொங்கவிட்டார்கள், பிறகு பலகை வேலி. இருவரும் தடுப்பைத் தங்கள் இடக்கைப் பக்கம் வைத்து ஓடுவார்கள். குதிரைகள் நேருக்கு நேர் இடித்துக்கொள்வது நின்றது. ஈட்டி சாய்ந்த கோணத்தில் படுவதால் பக்கவாட்டு விசை சேர்ந்து மரம் எளிதில் முறிந்தது, விழுகிறவர்களும் குறைந்தார்கள். கவசத்தின் இடப்பாதியை மட்டும் தடிப்பாக்கினால் போதும் என்ற நிலையும் அதனால்தான். ஜெர்மன்காரர்கள் இதை ‘வெல்ஷ்’ முறை, அதாவது இத்தாலிக்காரர் முறை, என்று சொல்லிப் பிறகு ஏற்றுக்கொண்டார்கள்.

மதிப்பெண் முறைக்கு நல்ல சான்று, 1466இல் இங்கிலாந்தில் ஜான் டிப்டாஃப்ட் வகுத்த விதிகள். சேணத்துக்கும் தலைக்கவசம் மார்போடு பூட்டும் இடத்துக்கும் நடுவே பட்டு உடைந்தால் ஓர் ஈட்டி என்று கணக்கு. அதற்கு மேலே பட்டு உடைந்தால் இரண்டு. எதிராளியைக் கீழே தள்ளினால் மூன்று. குதிரையை அடித்தவனுக்குப் பரிசு இல்லை. முதுகு காட்டியவனை, கையில் ஈட்டி இல்லாதவனை அடித்தாலும் இல்லை. நடுத்தடுப்பில் மூன்று முறை இடித்தாலும் இல்லை. தலைக்கவசம் இரண்டு முறை கழன்றாலும், குதிரை தடுமாறியதால் ஆனதாக இருந்தால் ஒழிய, இல்லை. கணக்கெழுதுபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு செவ்வகம் போட்டு, மேல்கோடு தலைக்கு, நடுக்கோடு உடலுக்கு, கீழ்க்கோடு செல்லாத அடிக்கு என்று சின்னக் கீறல்களாகக் குறித்தார். வெளியே நீண்ட கோட்டில் ஓட்டங்களின் எண்ணிக்கை. நம் கிரிக்கெட் கணக்குத்தாளைப் போலவே, ஆட்டத்தைப் பார்க்காதவரும் கீறல்களை வைத்து ஆட்டத்தைச் சொல்லிவிடலாம். புரூஜில் 1468இல் பர்கண்டி நாட்டுக் கோமகன் சார்ல்ஸின் கல்யாணத்துக்குச் சந்தைச் சதுக்கத்தில் நடந்த ‘பொன் மரம்’ போட்டியில் வேறு கணக்கு: மணல் கடிகாரத்தைக் கவிழ்ப்பார்கள், அரைமணி நேரத்துக்குள் யார் அதிக ஈட்டி உடைக்கிறாரோ அவர் வென்றவர். இது குதிரையையும் உதவியாட்களையும் சோதிக்கும் முறை. ஈட்டி மாற்றிக் கொடுக்கும் கை தடுமாறினால் வீரன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தும் பயனில்லை.

எங்கே தப்பு நடந்தது? பெரும்பாலும் முகமூடியில். தடுப்பு வந்த பிறகு பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் முன்னே சொன்ன, மூக்குப் புடைத்த ‘தவளைவாய்’த் தலைக்கவசத்தைவிட, திறந்து மூடும் முகமூடி வைத்த கவசம் பரவியது. பார்வைக்கும் மூச்சுக்கும் சுகம். ஆனால் மூடி இருக்கிறதா, தாழ் விழுந்திருக்கிறதா என்று ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். 1524 மார்ச்சில் எட்டாம் ஹென்றி முகமூடியை இறக்காமலே குதிரையை விரட்டினார். எதிரே வந்த சார்ல்ஸ் பிராண்டனுக்குத் தன் தலைக்கவசத்துக்குள்ளிருந்து அது தெரியவில்லை. கூட்டம் கத்தியது கேட்கவும் இல்லை. ஈட்டி ராஜாவின் நெற்றிப்பக்கம் பட்டு, தலைக்கவசத்துக்குள் சிம்புகளாக நிறைந்தது. கண் தப்பியது அதிர்ஷ்டம்.

பாரிஸில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1559 ஜூன் 30, சேன்ட் அந்துவான் தெரு. பிரான்ஸின் இரண்டாம் ஹென்றி, தன் மெய்க்காவல் படைத் தலைவர் மோன்ட்கோமெரியோடு ஓடினார். ஈட்டி உடைந்தது, அதுவரை எல்லாம் ஒழுங்கு. உடைந்த கட்டையை மோன்ட்கோமெரி உடனே கைவிடவில்லை என்பது அக்காலத்தார் சொன்ன குற்றச்சாட்டு. கட்டையின் சிம்பு முனை மேலேறி முகமூடிக்குள் புகுந்து, வலக்கண்ணுக்கு மேலே இறங்கியது. அம்புரோவாஸ் பாரே, பிரசெல்ஸிலிருந்து வந்த வெசாலியஸ், அன்றைய ஐரோப்பாவின் ஆகப் பெரிய வைத்தியர்கள் இருவரும் பக்கத்தில் இருந்தும் ஜூலை 10 அன்று ராஜா இறந்தார். சின்னத் தாழ் ஒன்று உறுதியாக விழுந்திருந்தால், கட்டை கையிலிருந்து நழுவியிருந்தால், அன்று உடைந்தது வெறும் மரமாகப் போயிருக்கும். அரை நூற்றாண்டு பழைய நியூரம்பெர்க் தலைக்கவசம் அணிந்திருந்தாலும் அந்தச் சிம்புக்கு வழி கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

நியூரம்பெர்க்கில் பெரிய கெசெல்லன்ஷ்டெஹன் 1561இலும் நடந்தது. யோஸ்ட் அம்மான் அதை ஓவியமாக வரைந்தார். ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. பாரிஸில் ராஜா இறந்த தூர்னெல் அரண்மனையை விதவை ராணி கேத்தரின் தெ மெடிச்சி இடிக்கச் சொல்லிவிட்டார். பிறகு அந்த இடத்தில் எழுந்த சதுக்கத்தை, இன்றைய வோஸ்ஜ் சதுக்கத்தை, 1612 ஏப்ரலில் பதின்மூன்றாம் லூயியின் நிச்சயதார்த்தத்துக்காகக் குதிரை விழா நடத்தித் திறந்தார்கள். எதிராளி மேல் ஓடும் ஆட்டம் அதில் இல்லை. தொங்கவிட்ட வளையத்தை ஈட்டிமுனையில் கோத்தெடுப்பதும், அணிவகுத்துக் குதிரை நடத்துவதும்தான். வளையம் கோப்பவனுக்கு மெல்லிய, உடையாத, இலேசான ஈட்டி போதும், தாங்கிக் கொக்கி வேண்டாம், தலைக்கவசம் வேண்டாம். சாய்ந்த கையை நிலைநிறுத்துவதும், சீரான பாய்ச்சலும், முனையை இறக்கும் நேரமும் மட்டும் பழையபடியே.